பதினேழாவது பெயர்

மதிப்பிற்குரிய வாசகர்கள் முதற்கண் என்னைப் பொறுத்தருள வேண்டும். நான் எழுத்தாளர் அல்லேன். மலையடிவாரத்துப் பள்ளி ஒன்றில் பதினைந்து ஆண்டுகளாக ரஷ்ய மொழி கற்பித்துவரும் ஆசிரியை. பிறர் எழுதியவற்றில் சிவப்பு மையால் பிழை திருத்திப் பழகிய கை இது. தானாக ஒன்றைத் தொடங்க அஞ்சுகிறது. பெரியவர்கள் எழுதிக் குவித்திருக்கும் இடத்தில் நானும் ஒரு தாளை நீட்டுவது துணிச்சல் என்பதை அறிவேன். ஆயினும் நான்கு ஆண்டுகளாகச் சொல்லாமல் வைத்திருப்பதை இனியும் வைத்திருக்க என்னால் இயலவில்லை.

இன்னொரு மன்னிப்பும் கேட்க வேண்டியுள்ளது. இந்தக் கதைக்குரியவரின் பெயரை நான் உடனே எழுதப்போவதில்லை. அவர் என் கணவரின் தந்தை. எங்கள் பக்கத்தில் மருமகளாக வந்தவள் மாமனாரின் பெயரையும், கணவருக்கு மூத்த ஆண்களின் பெயர்களையும் வாயால் சொல்லக் கூடாது. என் மாமியாருக்கு மூத்தார் முறையான, மாமனாரின் அண்ணன் ஒருவருக்கு இரும்பு என்று பொருள்படும் பெயர். அதனால் அந்த அம்மையார் கடைசிவரை கோடரியையும் வாணலியையும் "அந்தக் கறுப்புக் கெட்டி" என்றே சொன்னார். விருந்தினர்கள் சிரிப்பார்கள், அவர் சிரிக்க மாட்டார். என் வகுப்பில் மாமனாரின் பெயருடைய மாணவன் ஒருவன் இருந்தான். வருகைப் பதிவின்போது அவனை மட்டும் "சன்னலோரத்துத் தம்பி" என்பேன். அவன் எழுந்து நிற்பான். முப்பது குழந்தைகளில் ஒருவர்கூட ஏன் என்று கேட்டதில்லை.

மாமனாரை நான் அத்தா என்று அழைத்தேன். இங்கும் அவ்வாறே எழுதுகிறேன்.

அத்தாவுக்கு நரிச்சரிவில் மூன்று ஹெக்டேர் புல்வெளி இருந்தது. கூட்டுப்பண்ணை கலைக்கப்பட்ட ஆண்டில் அவர் பங்குக்கு வந்த நிலம். எங்கள் ஊரில் ஏழு மாதம் பனி கிடக்கும். கோடையில் அறுத்து அடுக்கிய புல்தான் அந்த ஏழு மாதமும் ஆடுகளின் உயிர். எங்களிடம் முப்பத்தொரு ஆடுகளும், பால் தரும் பெண்குதிரை ஒன்றும், அதன் குட்டியும் இருந்தன. என் சம்பளம் மாவுக்கும் நிலக்கரிக்கும் சரியாகப் போகும். மற்ற அனைத்தும் அந்தப் புல்லிலிருந்து வந்தவை.

என் கணவர் டிராக்டர் வாங்குவதற்காக வங்கியில் கடன் பெற்றார். டிராக்டர் இரண்டாம் ஆண்டே நின்றுவிட்டது, கடன் நிற்கவில்லை. ஆகவே அவர் மாஸ்கோவுக்குச் சென்று, அடுக்குமாடிக் குடியிருப்புகளின் முற்றங்களில் பனி அள்ளும் வேலையில் சேர்ந்தார். இந்தக் கதை நிகழ்ந்த கோடையில் அவர் சென்று நான்காண்டுகள் நிறைவடைந்திருந்தன. எங்கள் மகள் அய்பிகேக்கு அவர் ஒரு தொலைபேசிக் குரல்.

அந்தக் கோடையில் தங்கக் கம்பெனியொன்று மலைக்கு மேலே சாலை போட வந்தது. சாலை நரிச்சரிவின் வழியாகப் போகும் என்றார்கள். அங்கே இருபத்து மூன்று குடும்பங்களுக்குப் புல்வெளி இருந்தது. குடும்பத்துக்கு நான்கு லட்சத்து எண்பதாயிரம் சோம் இழப்பீடு. சாலை எப்படியும் வரும், நிலம் எப்படியும் போகும். பணம் மட்டுமே நம் கையில் நிற்கக்கூடியது என்று அத்தா கணக்குப் பார்த்தார். கீழூரில் ஒரு விதவை ஆற்றங்கரைப் புல்வெளியை மூன்று லட்சத்துக்கு விற்க முன்வந்திருந்தார். முதல் பனி விழும்வரை காத்திருப்பதாக அவர் அத்தாவுக்கு வாக்குக் கொடுத்தார். மீதியில் வங்கிக் கடன் தீரும். என் கணவர் வீடு திரும்புவார்.

இதைவிடக் கூடுதலாக நாங்கள் எதற்கும் ஆசைப்படவில்லை.

இழப்பீட்டுக்கு உரியவர்களின் பெயர்களை வாசிக்கும் கூட்டத்துக்கு முந்தைய நாள் பிற்பகலில் ஊராட்சித் தலைவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் என் கணவருக்குப் பெரியப்பா சித்தப்பா வழியில் மூத்த சகோதரர். ஆகவே அவர் பெயரையும் நான் எழுத இயலாது. முகம் எப்போதும் கன்றிச் சிவந்திருக்கும் என்பதால் சிவப்பண்ணன் என்று அழைத்து வந்தேன். நரிச்சரிவில் அவர் வசம் மூன்று புல்வெளிகள் இருந்தன. அத்தா ஆடுகளோடு வெளியே சென்றிருந்தார். நான் தேநீரும், எண்ணெயில் பொரித்த மாவுத் துண்டுகளான போர்சோக்கும் வைத்தேன்.

"என்ன டீச்சரம்மா, போர்சோக் பஞ்சு மாதிரி இருக்கே! அங்க மாஸ்கோவுல ஒம்புருஷன் தலாய் காஞ்ச ரொட்டியக் கடிச்சிட்டு இருப்பான், பாவம்," என்று இரண்டை ஒன்றாக வாயில் போட்டுக்கொண்டார். "நாளைக்குக் கம்பெனி வக்கீல் வர்றாரு. அடுத்த ஊர்ல அவரே பேர் படிச்சாராம். நம்ம பேரெல்லாம் அந்த ஆளு வாயில நொறுங்கிப் போச்சு. பாதிக் கெழவனுங்களுக்குத் தன்னத்தான் கூப்புடுறாங்கன்னே தெரியலையாம். ஊரே சிரிச்சதுல அவருக்குக் கோவம். இனிமே நான் படிக்க மாட்டேன், உங்க ஆளு யாராவது படிங்கன்னுட்டாரு. நீதான் படிக்கணும்."

"அண்ணா, பெரியவங்க அத்தன பேர் இருக்கும்போது நான் எப்படி..."

"பெரியவங்களுக்குக் கண்ணாடி தேட அர மணி நேரம் ஆகும். ஒனக்கு ரஷ்ய மொழி தெரியும், கொரலும் மணி மாதிரி." தேநீர்க் கோப்பையை நீட்டினார். நான் நிரப்பினேன். "ஆமா, ரொம்ப நாளாக் கேக்கணும்னு நெனச்சேன். நீ இந்த வீட்டுக்கு வந்து ஒம்போது வருஷமாச்சு. எங்க பெரியப்பா பேர ஒரு தடவையாச்சும் வாய் தவறிச் சொல்லியிருக்கியா?"

"ஒருக்காலும் இல்ல அண்ணா."

"தூக்கத்துல?"

"தூக்கத்துலயும் இல்ல."

"தங்கம்!" என்று தொடையைத் தட்டிக்கொண்டார். "எம்பொண்டாட்டி பத்து நாள் தாக்குப் பிடிச்சா. பதினோராம் நாள் எங்கப்பன் பேரச் சொல்லி நாயக் கூப்புட்டா!"

நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். உண்மையைச் சொல்வதானால், பெருமையாகவும் இருந்தது. பட்டியலில் அத்தாவின் பெயரும் வருமே என்று எனக்குத் தோன்றாமலில்லை. சன்னலோரத்துத் தம்பியைப் போலத்தானே என்று எண்ணிக்கொண்டேன்.

மாலையில் அத்தா தம் வெள்ளைக் கம்பளித் தொப்பியை எடுத்துத் தூசு தட்டினார். என் மாமியார் கையால் பூவேலை செய்த தொப்பி. திருமணங்களுக்கு மட்டும் அணிவார்.

"நாளைக்கு என் பேரச் சத்தமாப் படிப்பாங்க, இல்ல?" என்றார்.

"ஆமா அத்தா."

"பட்டாளத்துல சார்ஜென்ட் கூப்புட்டதுக்கப்புறம் முழுப் பேரச் சொல்லி யாரும் என்னக் கூப்புட்டதில்ல, தெரியுமா? கூடப் படிச்சவனுங்க கூப்புட்டானுங்க. எல்லாம் வரிசையா மேட்டுல போய்ப் படுத்துட்டானுங்க. ஒங்க அத்தை நாப்பத்தோரு வருஷம் 'இந்தா பாருங்க'ன்னே ஓட்டிட்டா. இப்ப ஊர்ல எல்லாவனுக்கும் நான் தாத்தா. நாய்க்குக்கூட ஒரு பேரு இருக்கு."

"நான்தான் படிக்கிறேன் அத்தா. தலைவர் சொல்லிட்டுப் போனாரு."

தொப்பியின் மேல் கை ஒரு கணம் நின்றது. "நீயா," என்றார். பிறகு, "நல்லது. ஒங்கொரல் நல்லாருக்கும்," என்று மறுபடி தட்டத் தொடங்கினார்.

கூட்டம் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் நடந்தது. கூடைப்பந்து வளையத்தின் கீழே மேசை போட்டு, நடுவில் வழக்கறிஞரும் வலப்புறம் சிவப்பண்ணனும் அமர்ந்தனர். இடப்புறம் நான் நின்றேன். ஒரு முக்காலியின் மேல் ஒளிப்பதிவுக் கருவி வைக்கப்பட்டிருந்தது. வழக்கறிஞர் விதிகளைச் சொல்ல, நான் மொழிபெயர்த்தேன். வாசிக்கப்பட்டவர் எழுந்து நின்று "இருக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். பக்கத்து நிலத்துக்காரர் இருவர் ஆமோதிக்க வேண்டும். கூட்டத்திலிருந்து ஒருவருக்காக இன்னொருவர் குரல் கொடுக்கக் கூடாது. எவரும் எழுந்து நிற்காத நிலத்தின் பங்கு, மற்றவர்களுக்குச் சமமாகப் பிரித்துக் கொடுக்கப்படும்.

கடைசி விதியைக் கேட்டதும் கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. சிவப்பண்ணன் எழுந்து நின்றார். "இத நான்தான் சண்டை போட்டு வாங்கினேன்! ஊருக்குப் போயிட்டவன், செத்தவன் பங்கெல்லாம் திரும்பக் கம்பெனிக்கே போகணுமாம். விடுவேனா? நம்ம மண்ணு, நம்ம பணம்!" கைதட்டல் நெடுநேரம் நீடித்தது. மொழிபெயர்த்த மகிழ்ச்சியில் நானும் கை தட்டினேன்.

வாசித்தேன். முதல் பெயர், இரண்டாம் பெயர். நான்காம் எண்ணுக்குரியவர் ஒன்றாம் எண்ணிலேயே எழுந்து நின்று "இருக்கேன், இருக்கேன்" என்றபோது எல்லோரும் சிரித்தனர். "ஒக்காருய்யா, பணம் ஓடியா போகுது!" என்று அவர் மனைவியே சட்டையைப் பிடித்து இழுத்தார். சிவப்பண்ணனுக்குரிய மூன்று புல்வெளிகளும் அவருடைய மனைவி, மகன், மைத்துனன் பெயரில் இருந்தன. அந்தப் பெயர்களை வாசிக்க எனக்குத் தடையில்லை. அத்தா இரண்டாம் வரிசையில் தொப்பியணிந்து, இரு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டு நேராக அமர்ந்திருந்தார்.

"பதினேழு," என்றேன்.

அதற்கு மேல் நாக்கு எழவில்லை. பெயர் தாளில் கறுப்பாக, தந்தை பெயரோடு, தெளிவாக அச்சிடப்பட்டிருந்தது. அரங்கில் அவருடைய உறவினர் அறுபது பேராவது இருந்தார்கள்.

"பதினேழு. எங்கள் வீட்டு அத்தா."

சிரிப்பு எழுந்தது, அன்பான சிரிப்புதான். "மருமகள்னா இப்டி இருக்கணும்!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். "கேட்டுக்கடி!" என்று இன்னொன்று. அத்தா முன்னிருக்கையில் ஒரு கையை ஊன்றிப் பாதி எழுந்தார்.

"பெயரைப் படியுங்கள்," என்றார் வழக்கறிஞர் ரஷ்ய மொழியில்.

நான் குனிந்து, தாழ்ந்த குரலில், இவர் என் மாமனார், எங்கள் வழக்கப்படி நான் சொல்லலாகாது, இதோ இரண்டாம் வரிசையில் எழுந்து நிற்கிறார், தயவுசெய்து தாங்கள் வாசித்தருள வேண்டும் என்று விளக்கினேன். அவர் சிவப்பண்ணனைத் திரும்பிப் பார்த்தார்.

சிவப்பண்ணன் புன்னகை செய்தார். "வழக்கம் ஐயா. மதிக்க வேண்டும். மேலே போகட்டும். இதைக் கடைசியில் தனியாக முடித்துக்கொள்வோம்."

வழக்கறிஞர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினேழாம் எண்ணுக்கு நேரே சிறிய கோடொன்றை இழுத்தார்.

நான் அரங்கைப் பார்த்தேன். சற்று முன் சிரித்தவர்கள் அனைவரும் அமைதியாகிவிட்டிருந்தார்கள். எங்கள் நிலத்துக்கு மேற்கே புல்வெளி உள்ளவர் தம் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். புவாஜார் அக்கா, எங்கள் அடுத்த வீட்டுக்காரி, முந்தின வாரம்தான் எங்களிடம் உப்பு வாங்கிப் போனவர், கூரையைப் பார்த்தார். இருபத்திரண்டு குடும்பங்கள், ஒரு நாற்காலிகூடக் கிரீச்சிடவில்லை. அந்த அமைதியை நான் மரியாதை என்று எண்ணினேன். என் மரியாதைக்குக் கிடைத்த மரியாதை என்று எண்ணினேன்.

என் முகம் எப்படி இருந்ததோ, அத்தா அதைப் பார்த்துவிட்டார்.

"விடு மகளே, அடுத்ததப் படி," என்றார் உரக்க. "என்னத் தெரியாதவன் இங்க யாரு இருக்கான்?"

அமர்ந்தார். நான் பதினெட்டாம் பெயரை வாசித்தேன்.

முடிவில் எல்லோரும் மேசையைச் சூழ்ந்தார்கள். பதிவேட்டில் இருபத்திரண்டு பேர் வரிசையாகக் கையொப்பமிட்டார்கள். வாசித்தவர் என்ற இடத்தில் என்னையும் ஒப்பமிடச் சொன்னார்கள். வழக்கறிஞர் பேனாவைத் திறந்து நீட்டியபடி காத்திருந்தார். அவரை நிறுத்திவைத்து நான்கு பக்கங்களைப் படிப்பது பண்பாகாது என்று தோன்றிற்று. ஒப்பமிட்டேன். நன்றியும் சொன்னேன். குழந்தைகளை விலக்கிக்கொண்டு நான் வாசலுக்கு வருவதற்குள் வெள்ளைக் கார் பாலத்தைக் கடந்துவிட்டது.

"அண்ணா, எங்களுது?" என்று சிவப்பண்ணனிடம் கேட்டேன்.

"ஐயோ, ஆமால்ல! திங்கக்கெழம பாத்துக்கலாம் டீச்சரம்மா. எங்க போயிடப்போகுது?"

திங்கட்கிழமை ஊராட்சி அலுவலகத்தில் பதிவேட்டின் நகலைக் காட்டினார்கள். பதினேழாம் எண்ணுக்கு நேரே, "மூன்று முறை வாசிக்கப்பட்டது, எவரும் பதிலளிக்கவில்லை" என்று எழுதப்பட்டிருந்தது. அதன் கீழே இருபத்திரண்டு கையொப்பங்கள். எல்லாவற்றுக்கும் கீழே, ஆசிரியைக்கே உரிய அழகிய கையெழுத்தில், என்னுடையது.

"கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி படிச்சுப் பாத்திருக்கலாமே," என்றார் சிவப்பண்ணன் வருத்தத்தோடு. "படிச்சவதானே நீ."

அத்தாவும் நானும் பேருந்தேறி மாவட்ட அலுவலகத்துக்குச் சென்றோம். அத்தாவை வெளியே மரப்பலகையில் அமர்த்திவிட்டு நான் உள்ளே போனேன். கண்ணாடிச் சாளரத்துக்குப் பின்னால் ஓர் அம்மையார் தேநீரில் ரொட்டியை நனைத்துக்கொண்டிருந்தார். யாருடைய நிலம் என்று கேட்டார்.

நான் சொன்னேன். முழுப் பெயரையும் தந்தை பெயரோடு சொன்னேன். ஒன்பது ஆண்டுகளாக நாவில் வராத பெயர். முதல் முறை காற்றாகத்தான் வந்தது. இரண்டாம் முறை உரக்க வந்தது. மூன்றாம் முறை, நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று அறியேன், வகுப்பறையின் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி சொன்னேன்.

"சத்தம் போடாதீங்கம்மா, காது கேக்குது," என்றார் அவர். "பேருதான் பேப்பர்லயே இருக்கே. பேர்ல ஒண்ணும் பிரச்சினை இல்ல. ஆளு எந்திரிச்சு நிக்கலங்கறதுதான் பிரச்சினை. கையெழுத்துப் போட்டவங்கள்ல ரெண்டு பேர், 'அவர் இருந்தாரு, நாங்க பாத்தோம்'னு எழுதிக் குடுத்தாப் போதும். பணம் பட்டுவாடா ஆகறதுக்குள்ள கொண்டாங்க."

திரும்பும் பேருந்தில் நெடுநேரம் அத்தா சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். கணவாய் தாண்டிய பிறகு, "வெளிய வரைக்கும் கேட்டுச்சு," என்றார். நான் தலை குனிந்தேன். "நல்லாத்தான் சொல்ற," என்றார்.

இருவர் போதும். இருபத்திரண்டில் இருவர். எனக்கு அன்று நம்பிக்கை நிறைந்திருந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அத்தா வரவில்லை, "என்னைப் பாத்தேன்னு சொல்ல நான் போய்க் கெஞ்சணுமா?" என்று கேட்டுவிட்டு ஆடுகளின் பின்னால் போய்விட்டார். நான் வீடு வீடாகப் போனேன். எல்லா வீட்டிலும் என்னை விரிப்பின் மேல் உயர்ந்த இடத்தில் அமர்த்தினார்கள். எல்லா வீட்டிலும் வெண்ணெயும் பழக்கூழும் வைத்தார்கள். "பாப்போம் டீச்சர்", "எம்புருஷன் வரட்டும்", "மொதல்ல யாராச்சும் போடட்டும், ரெண்டாவதா நான் போடறேன்" என்றார்கள். ரெண்டாவதாகப் போட ஒன்பது பேர் இருந்தார்கள். முதலாவதாகப் போட ஒருவரும் இல்லை.

அவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஒரு வீட்டில் பையனுக்குக் காது அறுவை சிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. இன்னொரு வீட்டில் கூரை இல்லை. பதினேழாம் எண்ணின் பங்கைப் பிரித்தால் குடும்பத்துக்கு இருபத்தோராயிரத்து எண்ணூறு சோம் சொச்சம். அந்தச் சொச்சத்தை எல்லோரும் ஏற்கெனவே மனத்தில் செலவழித்து முடித்திருந்தார்கள்.

புவாஜார் அக்கா மட்டும் உண்மையைச் சொன்னார். அவர் வீட்டில் புதிய இரும்பு அடுப்பு வந்திருந்தது, கடனுக்கு எடுத்தது.

"இங்க பாரு அனார்கான், சுத்தி வளைக்காமச் சொல்றேன். ஒன் மரியாத எங்க வீட்டுக்கு ஒரு அடுப்பு வாங்கிக் குடுத்துச்சு. இப்பப் போய் அடுப்பத் திருப்பிக் குடுன்னா, எம்புள்ளைங்க ஒன் மரியாதையிலயா குளிர் காயும்?"

"அக்கா, நீங்க அவரப் பாத்தீங்க. அவர் பாதி எந்திரிச்சு நின்னாரு."

"பாத்தேன்டி. பாக்காமயா? பாதிதான எந்திரிச்சாரு." பிறகு அவர் முகம் கோணிற்று. "நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா எங்களுக்கு இந்தப் பாவம் வந்திருக்காதுல்ல? ஒரே ஒரு வார்த்த! எங்களையெல்லாம் இப்டி ஆக்கிட்டியே, மகராசி!"

அழுதுகொண்டே எனக்கு இன்னொரு கோப்பைத் தேநீர் ஊற்றினார். நான் குடித்தேன். மறுப்பது எனக்குத் தெரியாது.

செப்டம்பர் முடிவில் பணம் பட்டுவாடா ஆயிற்று. அக்டோபர் ஒன்பதாம் நாள் முதல் பனி விழுந்தது. கீழூர் விதவை ஆள் அனுப்பி, இன்னும் மூன்று நாள் பொறுப்பதாகச் சொன்னார். நல்ல மனுஷி. நான்காம் நாள் புல்வெளியை வேறொருவருக்கு விற்றுவிட்டார். வாங்கியவர் சிவப்பண்ணனின் மைத்துனன்.

அந்தக் கோடைப் புல் அறுபடுமுன்பே சரிவு கம்பெனியின் கைக்குப் போயிருந்தது. புல் இல்லாமல் ஆடு நிற்காது. எங்களைப் போலவே புல்வெளி இழந்த இருபத்திரண்டு குடும்பங்களும் அதே மாதத்தில் ஆடுகளைச் சந்தைக்கு ஓட்டிவந்திருந்ததால் விலை பாதியாகிவிட்டது. அத்தா ஆடுகளைக் கொடுத்து, வந்த காசை வங்கித் தவணைக்குக் கட்டிவிட்டு, பெண்குதிரையையும் குட்டியையும் மட்டும் திரும்ப ஓட்டிவந்தார். டிசம்பரில் குட்டி போயிற்று, குதிரைக்குப் புல் வாங்க. பிப்ரவரியில் அந்தப் புல்லும் தீர்ந்தது. ஒரு கட்டின் விலை அப்போது மும்மடங்கு. அத்தா தினமும் காலையில் உறைந்த ஆற்றில் இறங்கி, நாணல் அறுத்துச் சுமந்து வந்தார். நான் தடுத்தால், "அவளுக்கு யாரு சொல்லிப் புரியவைக்கறது, பதினேழாம் நம்பர் கதைய?" என்று குதிரையைக் காட்டிச் சிரிப்பார். என்மேல் ஒருநாளும் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

மார்ச் மாதம் அத்தாவுக்கு நெஞ்சில் சளி கட்டிற்று. படுத்த ஆறாம் நாள், நண்பகல் நேரம், மகள் பள்ளியிலிருந்து வந்திருக்கவில்லை. அத்தா என்னை அருகே அழைத்தார்.

"மகளே, அன்னிக்கு அந்த ஆபீஸ்ல சொன்னியே."

"அத்தா..."

"இங்க யாருமில்ல. ஒரு தடவ."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வாய் திறந்தேன். இம்முறை அரங்கமில்லை, உறவினர் அறுபது பேரில்லை; இருந்தும் வரவில்லை. அந்நியப் பெண்ணொருத்தியிடம் சாளரத்தின் வழியே கத்த முடிந்த பெயரை, அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியவில்லை. அவர் காத்திருந்தார். பிறகு என் கையைத் தட்டிக்கொடுத்தார். "சரி, விடு. அடுத்ததப் படி," என்றார். அது வேடிக்கைக்குச் சொன்னதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மாலைக்குள் போய்விட்டார்.

என் கணவர் கடன் வாங்கி விமானம் ஏறி, மூன்றாம் நாள் அடக்கத்துக்குச் சற்று முன்பாக வந்து சேர்ந்தார். அய்பிகே அவரைக் கண்டு என் பின்னால் ஒளிந்துகொண்டாள். எழுபத்திரண்டு வயதில் இறந்தவருக்குக் குதிரை அறுக்காமல் அனுப்புவது எங்கள் பக்கத்தில் நடவாது. "பெரிய மனுஷன். சாவுக் கூடாரத்துக்கு முன்னாடி ஊரே நிக்குது. குதிர வெட்டாம எப்புடி?" என்று சிவப்பண்ணன்தான் முன்னின்று ஏற்பாடு செய்தார். மிஞ்சியிருந்தது அந்தப் பெண்குதிரை ஒன்றே. குளிர்காலம் முழுவதும் எந்த உயிருக்காக நாணல் அறுத்தாரோ, அதையே அறுத்தார்கள். எலும்பும் தோலுமாக இருந்ததால் கறி போதவில்லை என்று சிலர் பேசிக்கொண்டது கூடாரத்தினுள் எனக்குக் கேட்டது.

இருபத்திரண்டு குடும்பங்களும் வந்தன. வாசலில் தடியூன்றி நின்ற என் கணவரை நோக்கி, "என் தாத்தாவே, என் மலையே" என்று உரக்க அழுதபடி வந்தார்கள். அந்த அழுகை பொய்யென்று என்னால் சொல்ல இயலாது. வழக்கப்படி ஒவ்வொருவரும் கொடுத்த பணம் ஒரு குறிப்பேட்டில் பெயரோடு எழுதப்பட்டது. நாளை அவர்கள் வீட்டில் சாவு விழுந்தால் நாம் திருப்பிச் செய்ய வேண்டுமல்லவா. ஐந்நூறு, ஆயிரம், சிவப்பண்ணன் மூவாயிரம். குறிப்பேட்டைப் பிறகு நான் பார்த்தபோது, ஒரு வரியில் பெயருக்குரிய இடம் காலியாக இருந்தது. மடித்த தாளுக்குள் யாரோ வைத்துவிட்டுப் போனதாக எழுதியவர் சொன்னார். தொகை: இருபத்தோராயிரத்து எண்ணூறு.

யாரென்று இன்றுவரை அறியேன். தெருவில் எவரைப் பார்த்தாலும் இவராக இருக்குமோ என்று எண்ணி வணங்குகிறேன். மற்ற இருபத்தொருவரையும் அதனாலேயே வணங்க வேண்டியிருக்கிறது.

அந்தப் பணம் என் கணவரின் விமானக் கடனில் பாதிக்குச் சரியாகப் போயிற்று. மீதிப் பாதிக்காகவும் பழைய வங்கிக் கடனுக்காகவும் அவர் ஏழாம் நாள் சடங்கு முடிந்ததும் மாஸ்கோவுக்குத் திரும்பினார். இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

இதற்கு மேல் அழகாக முடிக்கும் வகை அறியேன். இழந்தவற்றை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். பிழையிருப்பின் பொறுத்தருள்க.

நரிச்சரிவில் புல்வெளி, மூன்று ஹெக்டேர்.

பணம், நான்கு லட்சத்து எண்பதாயிரம் சோம்.

ஆடுகள், முப்பத்தொன்று.

குதிரைக்குட்டி ஒன்று. பெண்குதிரை ஒன்று.

என் கணவர் வீட்டிலிருந்திருக்க வேண்டிய நான்கு குளிர்காலங்கள். ஐந்தாவது தொடங்கியிருக்கிறது.

எண் பதினேழு: ஜுமாபாய் மகன் தோஸ்மாம்பெத்.